அமெரிக்க வரலாறு 1301, 1302: கல்லூரியில் முதல்முறை எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹூஸ்டன் பக்கம் ஒரு கம்யூனிட்டி காலேஜில் (பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு தரும் உள்ளூர் அரசுக் கல்லூரி), மாணவர்கள் எழுதும் கட்டுரைகளைப் படித்துப் பார்த்து உதவி செய்யும் மையத்தில் வேலை செய்கிறேன். ஆகஸ்டு பிறந்துவிட்டால் தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் ஒரே சந்தேகங்களோடுதான் வருவார்கள். நேரிலும் போனிலும் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். விதிகள் எல்லாம் டெக்சாஸை வைத்துச் சொன்னவை. மற்ற மாநிலங்களில் விதி மாறலாம், ஆனால் வகுப்பு நடக்கும் விதம் பெரிதாக மாறாது.

அக்கா, நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வந்தேன். எனக்கு எதுக்கு அமெரிக்க வரலாறு?

டெக்சாஸ் மாநிலச் சட்டம் அப்படி. இங்குள்ள அரசுக் கல்லூரி, பல்கலைக்கழகம் எதில் இளநிலைப் பட்டம் வாங்கினாலும் அமெரிக்க வரலாற்றில் 6 கிரெடிட் முடித்திருக்க வேண்டும். கிரெடிட் என்பது பாடத்தின் அளவைச் சொல்லும் கணக்கு, 1301, 1302 என்ற இரண்டு பாடங்களுக்கும் தலா 3. எஞ்சினியரிங், நர்சிங், சங்கீதம் என்று எந்தப் பாடமானாலும் இதுதான் விதி. வெளிநாட்டு மாணவர்களுக்கும் விலக்கு கிடையாது. இந்த 6-இல் 3 கிரெடிட்டை டெக்சாஸ் வரலாறு படித்தும் நிரப்பிக்கொள்ளலாம். மாஸ்டர்ஸ் படிக்க வருபவர்களுக்கு இந்தத் தேவை இல்லை. தனியார் பல்கலைக்கழகங்கள் தங்களுக்கென்று விதி வைத்திருக்கும்.

கட்டாயம் என்பதால் தண்டம் என்று நினைத்துவிடாதீர்கள். வாக்குரிமை, குடியேற்றம், இங்கே பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை என்று செய்தியில் வரும் சண்டைகளைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், அநேகமாக 1868-இல் வந்த 14-வது அரசியல் சட்டத் திருத்தத்தில் போய் நிற்கும். இந்த ஊரில் நான்கு வருஷமோ நாற்பது வருஷமோ வாழப்போகிறவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

1301, 1302னு ரெண்டு இருக்கே, எதை முதல்ல எடுக்கணும்? ஏன் 1877-ல வெட்டியிருக்காங்க?

1301 என்பது ஐரோப்பியர் வருவதற்கு முன்பிருந்த பூர்வகுடிகளில் தொடங்கி, உள்நாட்டுப் போரும் அதன் பின்விளைவுகளும் வரைக்கும். 1302 அங்கிருந்து இன்றுவரை. எண்ணில் முதல் 1 முதலாண்டு நிலையையும், அடுத்த 3 கிரெடிட்டையும் குறிக்கும்.

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போர் முடிந்ததும், தோற்ற தென் மாநிலங்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டு, விடுதலையான கறுப்பின மக்களுக்கு உரிமை கொடுக்கும் முயற்சி ஒன்று நடந்தது. மறுசீரமைப்புக் காலம் என்பது அதுதான். 1877-இல் ஓர் அரசியல் பேரத்தில் மத்திய அரசின் துருப்புகள் தெற்கில் காவலை விட்டு விலகின, முயற்சியும் முடிந்தது. அதனால்தான் அங்கே கோடு. பல ஆசிரியர்கள் 1302-ஐ 1865-இலிருந்தே தொடங்குவார்கள்.

1301-ஐ முடிக்காமல் 1302 எடுக்கக் கூடாது என்று பொதுவாக விதி இல்லை. இருந்தாலும் வரிசைப்படி எடுங்கள். அடிமைமுறை எப்படி வேரூன்றியது என்று தெரியாமல் 1960-களின் சிவில் உரிமைப் போராட்டத்தைப் படித்தால் பாதிதான் புரியும்.

வகுப்பு எப்படி நடக்கும்? நம்ம ஊர் மாதிரி நோட்ஸ் கொடுப்பாங்களா?

கொடுக்க மாட்டார்கள். முதல் நாள் சிலபஸ் என்று ஒன்று தருவார்கள். எந்த வாரம் எந்த அத்தியாயம், எந்தத் தேதியில் எந்தக் கட்டுரை, எதற்கு எத்தனை சதவீதம், தாமதமானால் எவ்வளவு குறைப்பு என்று எல்லாமே அதில் இருக்கும். யாரும் மறுபடி நினைவூட்ட மாட்டார்கள். தேதிகளை அன்றைக்கே போன் காலண்டரில் ஏற்றிவிடுங்கள்.

வாரத்துக்கு 3 மணி நேரம் வகுப்பு. கம்யூனிட்டி காலேஜில் சின்ன வகுப்பு, ஆசிரியருக்கு உங்கள் பெயர் தெரியும். பெரிய பல்கலைக்கழகத்தில் நூற்றுக்கணக்கானோர் உட்காரும் அரங்கில் விரிவுரை நடக்கும், திருத்துவது டீச்சிங் அசிஸ்டென்டாக இருக்கலாம். மதிப்பெண் ஒரே பரீட்சையில் இல்லை. வாராந்திரக் குவிஸ், கலந்துரையாடல், ஒன்றிரண்டு கட்டுரை, மிட்டெர்ம், ஃபைனல் என்று பிரிந்து கிடக்கும். கடைசி ஒரு மாதம் உட்கார்ந்து படித்து மேலே வந்துவிடலாம் என்ற கணக்கு இங்கே எடுபடாது. குவிஸ்களில் விழுந்த பூஜ்யங்களை ஃபைனல் மீட்டுத் தராது.

எவ்வளவு படிக்க வேண்டியிருக்கும்? புத்தகம் வாங்கணுமா?

வகுப்பில் ஒரு மணி நேரத்துக்கு வெளியே இரண்டு மணி நேரம் என்பது வழக்கமான கணக்கு. ஆக இந்த ஒரு பாடத்துக்கே வாரத்தில் 9 மணி நேரம் போகும். ஒரு பாடநூல் அத்தியாயமும் சில பழைய ஆவணங்களும் ஒரு வாரத்துக்கு உரியவை.

சிலபஸ் கைக்கு வருமுன் எதையும் வாங்காதீர்கள். ஹூஸ்டனில் இருக்கும் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிடும் அமெரிக்க வரலாற்றுப் பாடநூலை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். நிறைய ஆசிரியர்கள் இப்போது அதையோ அதுபோன்ற இலவச நூலையோதான் வைக்கிறார்கள்.

அமெரிக்கப் பசங்க ஸ்கூல்லயே படிச்சிருப்பாங்க. எனக்கு ஒண்ணுமே தெரியாதே, அவங்களோட எப்படிப் போட்டி போடுறது?

பள்ளியில் படித்தவர்களுக்கும் வாஷிங்டன், லிங்கன், மார்ட்டின் லூதர் கிங் தாண்டி அவ்வளவாக நினைவிருப்பதில்லை. ஆசிரியர்களுக்கு அது தெரியும், அடியிலிருந்துதான் தொடங்குவார்கள்.

உங்களுக்கும் ஒன்றுமே தெரியாது என்பது உண்மையில்லை. 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட 342 பெட்டித் தேயிலையும் நாம் பள்ளியில் படித்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. 1781-இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த பிரிட்டிஷ் படையின் தளபதி கார்ன்வாலிஸ். ஐந்து வருஷம் கழித்து அவரே இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலாக வந்து, திப்பு சுல்தானோடு போரிட்டு, 1793-இல் நிலையான நிலவரித் திட்டத்தையும் கொண்டுவந்தார். யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை சென்னை ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். ஒரே பேரரசின் இரண்டு முனைகளைப் பற்றித்தான் படிக்கப்போகிறீர்கள். ஒரு முனையிலிருந்து வருகிறவருக்கு மற்றவர்களுக்குத் தோன்றாத கேள்விகள் தோன்றும், அவற்றை வகுப்பில் தயங்காமல் கேளுங்கள்.

வருஷம், பேர் எல்லாம் மனப்பாடம் பண்ணணுமா?

கொஞ்சம். எது முன்னால், எது பின்னால் என்ற வரிசை தெரிந்திருக்க வேண்டும். பரீட்சையில் ஐ.டி. என்று ஒரு வகைக் கேள்வி வரும். ஒரு பெயரோ சட்டமோ கொடுத்திருப்பார்கள். யார், என்ன, எப்போது, எங்கே என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டு, அது ஏன் முக்கியம் என்று எழுத வேண்டும். மதிப்பெண்ணில் பெரும்பங்கு அந்தக் கடைசிப் பகுதிக்குத்தான்.

உதாரணத்துக்கு, 1662 வர்ஜீனியா சட்டம். குழந்தை அடிமையா சுதந்திரமானவரா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என்று அது சொன்னது. இதோடு நிறுத்தினால் பாதி மதிப்பெண் போய்விடும். தகப்பன் வழியைப் பார்க்கும் ஆங்கிலேய வழக்கத்தைப் புரட்டிப்போட்டு, அடிமைத்தனத்தைப் பரம்பரையாக்கியது இந்தச் சட்டம். அடிமைப் பெண்ணுக்குத் தன் மூலம் பிறந்த குழந்தையையும் எஜமானன் சொத்தாக வைத்துக்கொள்ள வழி செய்தது. இதையும் எழுதினால் முழு மதிப்பெண்.

ப்ரைமரி சோர்ஸ், ப்ரைமரி சோர்ஸ்னு சொல்றாங்களே, அதை வச்சு என்ன பண்ணணும்?

அந்தக் காலத்து மனிதர்களே விட்டுப்போன கடிதம், சட்டம், நாட்குறிப்பு, விளம்பரம், புகைப்படம் எல்லாம் ப்ரைமரி சோர்ஸ். பிற்பாடு வரலாற்று ஆசிரியர்கள் எழுதியது செகண்டரி சோர்ஸ். இந்தப் பாடத்தின் உயிரே முதல் வகையில் இருக்கிறது. அதனால் ஒன்றை முழுசாகக் காட்டுகிறேன்.

1769 செப்டம்பரில் வர்ஜீனியா கெசட் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. சாண்டி என்ற அடிமை ஓடிப்போய்விட்டான், வயது சுமார் 35, குள்ளம், கொஞ்சம் பருமன். தொழில் காலணி தைப்பது, பெரும்பாலும் இடது கையால் வேலை செய்வான். சுமாரான தச்சு வேலையும் தெரியும், குதிரை ஓட்டவும் தெரியும். குடிப்பான், குடித்தால் அடங்க மாட்டான், தந்திரக்காரன். ஒரு வெள்ளைக் குதிரையையும் காலணி தைக்கும் கருவிகளையும் கொண்டு போயிருக்கிறான், அந்தத் தொழிலிலேயே வேலை தேடுவான். அதே கவுன்டிக்குள் (மாவட்டம் மாதிரி) பிடித்துக் கொடுத்தால் 40 ஷில்லிங், காலனிக்குள் வேறெங்கேயாவது என்றால் 4 பவுண்டு, வெளிக் காலனியில் என்றால் 10 பவுண்டு. கீழே பெயர்: தாமஸ் ஜெஃபர்சன். வயது அப்போது 26. ஏழு வருஷம் கழித்து, எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று சுதந்திரப் பிரகடனத்தில் எழுதியவர் இவரே.

அந்த முரணைச் சுட்டிக்காட்டுவதோடு பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். அது தொடக்கம்தான். எழுதியவர் யார், யார் படிக்க, எதற்காக என்று கேளுங்கள். சாண்டியை மட்டம் தட்டத்தான் ஜெஃபர்சனுக்கு விருப்பம். ஆனால் ஆளைப் பிடிக்க வேண்டுமே, அதனால் அவருடைய திறமைகளை வரிசையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தூரம் கூடக் கூட வெகுமதி ஏறுகிறது என்றால், எல்லை தாண்டியவரைத் திரும்பப் பிடிப்பது கஷ்டம் என்று பொருள். சாண்டி கருவிகளை எடுத்துப் போனார் என்றால், ஓடிப்போன பிறகு எப்படிப் பிழைப்பது என்று யோசித்து வைத்திருந்தார். பத்திரிகை விளம்பரம், வெகுமதி என்று ஊரே சேர்ந்து காவல் காத்தால்தான் இந்த அமைப்பு நின்றது. அப்புறம், இதில் சாண்டியின் குரல் எங்கேயும் இல்லை என்பதையும் எழுத வேண்டும். அவர் பிடிபட்டு, 1773-இல் விற்கப்பட்டார். பத்து வரி விளம்பரம் ஒன்று இவ்வளவு சொல்கிறது. இப்படிப் படிக்கக் கற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

எல்லா பாயிண்டும் எழுதினேன், பக்கம் பக்கமா எழுதினேன். சி போட்டிருக்காங்க. ஏன்?

பாயிண்டுகள் இருந்திருக்கும், வாதம் இருந்திருக்காது. இங்கே கட்டுரையின் முதல் பத்தியிலேயே உங்கள் முடிவு ஒரு வாக்கியத்தில் இருக்க வேண்டும். தீசிஸ் என்பார்கள். மீதிப் பக்கங்கள் அந்த வாக்கியத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டும். தெரிந்ததையெல்லாம் கொட்டினால் தரம் ஏறாது.

மறுசீரமைப்புக் காலம் தோல்வியா என்று கேள்வி என்று வைத்துக்கொள்வோம். 'அதில் நன்மைகளும் இருந்தன, தீமைகளும் இருந்தன' என்பது தீசிஸ் இல்லை, எதைப் பற்றியும் அப்படிச் சொல்லலாம். 'உரிமையைச் சட்டத்தில் எழுதியவர்கள் நிலத்தைக் கொடுக்கவில்லை, அதனால் துருப்புகள் போனதும் அந்த உரிமையைப் பறிப்பது எளிதானது' என்பது தீசிஸ். இதை மறுத்து ஒருவர் வாதாட முடியும், அதுதான் அடையாளம். சாட்சிக்கு, வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் 1865 ஜனவரியில் போட்ட உத்தரவு இருக்கிறது. விடுதலையான குடும்பங்களுக்குக் கடலோர நிலத்தில் 40 ஏக்கர் வரை ஒதுக்கச் சொன்னது அது. அதே வருஷம் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் அதைத் திருப்பிவிட்டார். மிசிசிப்பி 1890-இல் புதிய அரசியல் சட்டம் போட்டு, வாக்களிக்கக் கட்ட வேண்டிய தலைவரியும் எழுத்தறிவுச் சோதனையும் வைத்துக் கறுப்பின மக்களின் வாக்கைப் பறித்தது. எதிர்ச் சாட்சியையும் மறைக்காதீர்கள். அதே மிசிசிப்பிதான் 1870-இல் ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பினத்தவரை செனட்டுக்கு அனுப்பியது, அங்கே நுழைந்த முதல் கறுப்பினத்தவர் அவர். அது சாத்தியமானது ஏன், நிலைக்காதது ஏன் என்று விளக்கினால் கட்டுரை நிமிர்ந்து நிற்கும்.

உள்நாட்டுப் போர் அடிமைமுறைக்காக இல்ல, மாநில உரிமைக்காகன்னு என் ரூம்மேட் சொல்றான். பரீட்சையில எதை எழுதுறது?

பிரிந்து போன மாநிலங்கள் தங்கள் காரணத்தைத் தாங்களே எழுதி வைத்திருக்கின்றன, அதை எடுத்துப் படியுங்கள். 1861-இல் மிசிசிப்பி வெளியிட்ட அறிக்கை, தங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுக்கப் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே சொல்கிறது. 1860 டிசம்பரில் தென் கரோலினா எழுதியதில், தப்பி ஓடிய அடிமைகளை வட மாநிலங்கள் திருப்பித் தருவதில்லை என்பது பெரிய புகார். கவனியுங்கள், இங்கே வட மாநிலங்கள் தங்கள் சொந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டதைத்தான் தெற்கு குற்றமாகச் சொல்கிறது. மாநில உரிமை வாதத்தை இந்த ஒரு ஆவணமே ஆட்டம் காண வைத்துவிடும்.

லிங்கனும் அடிமைகளை விடுவிக்கப் போருக்குப் போகவில்லையே என்று அடுத்த கேள்வி வரும். சரி, அதிலும் உண்மை இருக்கிறது. 1862 ஆகஸ்டில் பத்திரிகையாளர் ஹொரஸ் கிரீலிக்கு எழுதிய கடிதத்தில், ஒரு அடிமையையும் விடுவிக்காமல் ஒன்றியத்தை, அதாவது நாட்டின் ஒற்றுமையைக் காப்பாற்ற முடிந்தால் அப்படிச் செய்வேன் என்கிறார். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பே, ஜூலையில், விடுதலைப் பிரகடனத்தின் வரைவைத் தன் அமைச்சரவைக்குப் படித்துக் காட்டியிருந்தார். அப்படியானால் அந்தக் கடிதம் யாரைச் சமாதானப்படுத்த எழுதியது? சாண்டி விளம்பரத்தில் கேட்ட அதே கேள்விகளை இங்கேயும் கேளுங்கள். தெற்கு ஏன் பிரிந்தது என்பதும், வடக்கு முதலில் எதற்குப் போரிட்டது என்பதும் வேறு வேறு கேள்விகள். இரண்டையும் பிரித்து எழுதினாலே பாதிக் குழப்பம் தீரும்.

பேராசிரியர் கருத்துக்கு எதிரா எழுதினா மார்க் குறைப்பாங்களா?

ஆதாரத்தோடு எழுதினால் குறைக்க மாட்டார்கள். நான் பார்த்த நல்ல ஆசிரியர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். ஆதாரம் இல்லாத வெறும் கோபத்துக்கும் வெறும் பெருமைக்கும் ஒரே அளவில் குறைப்பார்கள்.

இந்தியர்களைப் பத்தி ஏதாவது வருமா?

1302-இல் வரும். வராவிட்டால் கட்டுரைத் தலைப்பாக நீங்களே கேட்டு வாங்குங்கள். 1790 சட்டப்படி, வந்து குடியேறியவர்களில் சுதந்திரமான வெள்ளையர்தான் குடியுரிமை பெற முடியும். 1870-இல் ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் சேர்த்தார்கள். 1922-இல் தாகாவோ ஓசாவா என்ற ஜப்பானியர் உச்ச நீதிமன்றம் போனார். வெள்ளையர் என்றால் காகசிய இனத்தவர், நீங்கள் அந்த இனம் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். சில மாதத்தில், பஞ்சாபிலிருந்து வந்து முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்த பகத் சிங் திந்த் வழக்கு வந்தது. மானுடவியல் கணக்குப்படி இந்தியரும் காகசியர்தானே என்பது அவர் வாதம். 1923-இல் அதே நீதிமன்றம், அறிவியல் என்ன சொன்னாலும் சாதாரண மனிதன் உங்களை வெள்ளையர் என்று நினைக்க மாட்டான் என்று அவரையும் தள்ளியது. இரண்டு தீர்ப்பையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள், சட்டம் எப்படி வளைந்தது என்று கண்ணெதிரே தெரியும். ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலர் அதை இழந்தார்கள்.

1946-இல்தான் இந்தியர்களுக்குக் குடியுரிமைக் கதவு திறந்தது, அதுவும் வருஷத்துக்கு 100 பேர் குடியேறலாம் என்ற அளவில். 1965 சட்டம் பழைய நாட்டுவாரி ஒதுக்கீட்டை எடுத்த பிறகே டாக்டர்களும் எஞ்சினியர்களும் பெருமளவில் வந்தார்கள். ஹூஸ்டன் பக்கத்துப் பேர்லாண்டில் மீனாட்சி கோயில் எழும்பியதற்கும் இந்தச் சட்டத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அதற்கு முந்தின வருஷம், 1964-இல் வந்த சிவில் உரிமைச் சட்டமும் அதே போராட்ட அலையில் வந்ததுதான். கறுப்பின மக்கள் அடிபட்டு நடந்த பாதை வழியாகத்தான் நாமும் வந்திருக்கிறோம். இதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனசார விரும்புகிறேன்.

சாட்ஜிபிடியில எழுதி, கொஞ்சம் மாத்திக் கொடுத்தா கண்டுபிடிப்பாங்களா?

கண்டுபிடிப்பார்கள். இல்லாத ஆவணத்தை மேற்கோள் காட்டும், வகுப்பில் கொடுத்த ஆவணத்தைத் தொடாது. கூப்பிட்டு உங்கள் கட்டுரையையே விளக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்? ஒழுங்கு நடவடிக்கை பதிவானால் வேறு கல்லூரிக்கு மாறும்போதும் தொல்லை. எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று சிலபஸில் இருக்கும், அதைப் பாருங்கள். ஆங்கிலம் தடுமாறுகிறது என்பதுதான் காரணம் என்றால் எங்களைப் போன்ற எழுத்து உதவி மையத்துக்கு வாருங்கள், காசு கிடையாது.

என் பொண்ணு ஹைஸ்கூல்ல ஏ.பி. வரலாறு எடுக்கிறாம்மா. காலேஜ்ல மறுபடி எடுக்க வேண்டாம்தானே?

ஏ.பி. என்பது ஹைஸ்கூலிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம். அதன் தேர்வில் 5-க்கு 3 வாங்கினாலே டெக்சாஸ் அரசுக் கல்லூரிகள் பொதுவாகக் கிரெடிட் தரும். சில இடங்களில் அதற்கு மேல் கேட்கலாம், 1301, 1302 இரண்டுக்கும் தருவார்களா என்பதும் இடத்துக்கு இடம் மாறும். சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் பட்டியலைப் பாருங்கள். வகுப்பில் சேராமலே கிரெடிட் வாங்க எழுதும் க்ளெப் தேர்வும் இந்தப் பாடத்துக்கு இரண்டு பகுதியாக இருக்கிறது. ஹைஸ்கூலில் இருந்துகொண்டே எடுக்கும் டூயல் கிரெடிட் என்பது வேறு. அது நிஜமான கல்லூரி வகுப்பு, அதில் வாங்கும் சி கல்லூரி மதிப்பெண் பட்டியலில் நிரந்தரமாக நிற்கும்.

பணம் கட்டுறது நான். பையன் மார்க்கை எனக்குக் காட்ட மாட்டேங்கிறாங்களே?

மாணவர் பதிவுகளை யார் பார்க்கலாம் என்று சொல்லும், 1974-இல் வந்த ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்துவிட்டால் பதிவுகள் மாணவருடையவை, 18 வயது ஆகாவிட்டாலும் சரி. மாணவர் கையெழுத்துப் போட்டு அனுமதித்தால் காட்டுவார்கள். வருமான வரியில் பிள்ளையை உங்களைச் சார்ந்தவர் என்று காட்டியிருந்தால் கல்லூரி காட்டலாம், ஆனால் காட்டியே ஆக வேண்டும் என்று இல்லை. பேராசிரியருக்கு நேரே போன் போடாதீர்கள். பையனிடமே கேளுங்கள், மதிப்பெண் காட்டும் கேன்வாஸ் இணையதளத்தில் அவனுக்கு எல்லாம் தெரியும்.

மிட்டெர்ம்ல ஊத்திக்கிச்சு. டிராப் பண்ணிடலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் ஆசிரியரை ஆபீஸ் அவர்ஸில் (மாணவர்களைச் சந்திக்க அவர் ஒதுக்கிய நேரம்) போய்ப் பாருங்கள். திருத்திய தாளைக் கையில் கொண்டு போய், எந்த இடத்தில் என் வாதம் நிற்கவில்லை என்று கேளுங்கள். மதிப்பெண் கூட்டிப்போடச் சொல்லிக் கேட்டால் வேலைக்காகாது.

அப்படியும் முடியாது என்றால் கடைசித் தேதிக்குள் விலகினால் மதிப்பெண் பட்டியலில் விலகியதைக் குறிக்கும் டபிள்யூ விழும், அது சராசரித் தரமான ஜி.பி.ஏ.வைத் தொடாது. ஆனால் டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் மொத்தப் பட்டப்படிப்புக்கும் சேர்த்து 6 முறைக்கு மேல் இப்படி விலக முடியாது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒரு செமஸ்டரில் 12 கிரெடிட்டுக்குக் கீழே போனால் விசா நிலையே கெட்டுவிடும். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் அனுமதி வாங்காமல் டிராப் பட்டனைத் தொடவே கூடாது.

சம்மர்ல சென்னைக்குப் போயிருக்கும்போது ஆன்லைன்ல 1302-ஐ முடிச்சிடலாமா?

முடிக்கலாம். வழக்கமான கோடை விடுமுறையில் எஃப்-1 மாணவர்களுக்கு முழு நேரப் படிப்புக் கட்டாயம் இல்லை. செமஸ்டர் நடக்கும்போதுதான் ஓர் ஆன்லைன் பாடத்துக்கு மேல் அந்த 12 கிரெடிட் கணக்கில் சேராது. வேறு கல்லூரியில் எடுப்பதானால், அந்தக் கிரெடிட்டை உங்கள் பல்கலைக்கழகம் ஏற்குமா என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் 16 வாரப் பாடத்தை 5 வாரத்தில் அடைப்பார்கள். முன்னால் சொன்ன வாரம் 9 மணி நேரம் மூன்று மடங்காகிவிடும். கல்யாணம், கோயில், உறவுக்காரர் வீடு என்று அலைந்துகொண்டே இதைச் செய்து முடிப்பது கஷ்டம். அப்படியும் எடுப்பதானால் நேரக் கணக்கைச் சரியாகப் பிடியுங்கள். ஹூஸ்டனில் இரவு 11:59 என்றால், கோடையில் சென்னையில் அது மறுநாள் காலை 10:29.